இடக்கால்

நாமக்கல்லிலிருந்து எங்கள் கல்லூரி முப்பது கிலோமீட்டர். தமிழ்த்துறையைச் சேர்ந்த நாங்கள் மூவரும் ஒரே காரில் போய்வரத் தொடங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. கார் எங்களுள் ஒருவருடையது. 2007இல் வாங்கிய மாருதி 800. அவ்வகை வண்டியின் உற்பத்தி 2014 ஜனவரியிலேயே நின்றுபோயிற்று. பதினைந்து ஆண்டுப் பதிவு முடிந்தபோது விற்றுவிடும்படி சொன்னவர்கள் உண்டு. மனம் வராமல் பதிவைப் புதுப்பித்து வைத்துக்கொண்டோம். மற்ற இருவரும் கார் ஓட்டக் கற்றதே அந்த வண்டியில்தான், அதன் உரிமையாளரிடம்தான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நான்காமவர் ஒருவர் எங்களோடு சேர்ந்தார். துறைக்குக் கௌரவ விரிவுரையாளராக வந்த இளைஞர். ஆண்டில் பதினோரு மாதம் மட்டுமே ஊதியம் பெறுபவர். பெட்ரோலுக்கு அவர் பங்கு தர வேண்டாம் என்று முடிவு செய்தோம். அதற்கு ஈடாகக் காலையில் வண்டியை அவர் ஓட்டுவார்; மாலையில் நாங்கள் மூவரும் முறைவைத்து ஓட்டுவோம். இந்த ஏற்பாட்டை எங்கள் பெருந்தன்மை என்றே கருதியிருந்தோம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

2024 தொடக்கத்தில் வண்டியின் போக்கு மாறத் தொடங்கியது. மாலையில் நெடுஞ்சாலை மேம்பாலத்தில் ஏறும்போது நான்காம் கியரில் இஞ்சினின் ஓசை மட்டும் உயரும், வேகம் உயராது. கிளச் பெடலை விடும்போது பாதி தூரத்தில் நகரத் தொடங்க வேண்டிய வண்டி, பெடல் முழுதும் மேலே வந்த பிறகே நகர்ந்தது. சில நாள்களில் ஏதோ கருகிய வாடை வந்தது. முன்னால் போகும் லாரியின் பிரேக்காக இருக்கும் என்றோம். அறிகுறிகள் அத்தனையும் இருந்தன. நோய் என்று நினைக்க நாங்கள்தாம் ஆயத்தமாக இல்லை.

அந்தப் பிப்ரவரியில் கொல்லிமலை ஊர் ஒன்றில் எங்கள் மாணவர்களின் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் நடந்தது. ஏழாம் நாள் நிறைவு விழாவுக்கு நால்வரும் கிளம்பினோம். காரவள்ளியிலிருந்து மேலே செல்ல எழுபது கொண்டை ஊசி வளைவுகள். வழக்கப்படி இளைஞர்தான் ஓட்டினார். முப்பதாவது வளைவைத் தாண்டியதும் அவர் மெதுவாகச் சொன்னார்: "சத்தம் ஏறுதுங்கய்யா, வண்டி ஏற மாட்டேங்குது."

அடுத்த சில வளைவுகளுக்குள் கருகல் வாடை வண்டிக்குள் நிறைந்தது. ஓரமாக நிறுத்தி அரைமணி நேரம் ஆறவிட்டார். பிறகு எங்களை இறங்கி நடக்கச் சொல்லி, வெற்று வண்டியை மெல்ல மேலே ஏற்றி, சற்றே சமமான இடங்களில் எங்களுக்காகக் காத்திருந்தார். நடந்து ஏறிய நாங்கள் மூவரும் மூச்சிரைப்புக்கிடையே ஒரு முடிவுக்கு வந்தோம். அவர் தந்தை லாரி ஓட்டுநர். மகனும் லாரிகளில்தான் ஓட்டிப் பழகியவர். கனரக வண்டியை மிதித்த கால் இந்தச் சிறு வண்டியையும் அப்படியே மிதித்திருக்கிறது. இவ்வளவுதான் எங்கள் ஆராய்ச்சி. முனைவர் பட்ட ஆய்வேட்டில் ஒரு மாணவர் இவ்வளவு குறைந்த சான்றுகளோடு ஒரு கருத்தை எழுதியிருந்தால் திருப்பி அனுப்பியிருப்போம்.

*

நாமக்கல்லில் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, வண்டியை மூன்றாம் கியரில் போட்டு, கிளச்சை மெல்ல விட்டார். நல்ல கிளச்சாக இருந்தால் இஞ்சின் உடனே திணறி அணைந்துவிட வேண்டும். எங்கள் வண்டியில் அது அணையாமல் ஓடிக்கொண்டிருந்தது. இந்தச் சோதனையை அடிக்கடி செய்யக் கூடாது என்றும், செய்வதே தேய்மானம்தான் என்றும் சொன்னார்.

பிறகு கிளச் கேபிளைப் பார்த்தார். பெடலை அழுத்தும்போது தொடக்கத்தில் ஓரிரு சென்டிமீட்டராவது எதையும் இழுக்காமல் சும்மா இறங்க வேண்டும். எங்கள் பெடலில் அந்த வெற்றிடமே இல்லை. பிளேட் தேயத் தேய அது குறைந்துகொண்டே வருமாம். அவ்வப்போது நட்டைத் திருகிச் சரிசெய்திருக்க வேண்டும். இப்போது திருகிப் பார்த்தும் இஞ்சின் அணையவில்லை. "கியர்பாக்ஸ இறக்கித்தான் ஆகணுங்க."

கிளச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றக் கூலியோடு 4,800 ரூபாய் ஆகும் என்றார். ஒரே முறை இறக்கும்போது மூன்றையும் மாற்றிவிடுவதே வழக்கம். பிளேட்டின் விலையைவிடக் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் உழைப்பே பெரிது. தொகையை நான்காகப் பிரித்தோம். பெட்ரோலுக்கு மூன்றாகப் பிரிப்பவர்கள் இதற்கு ஏன் நான்காகப் பிரித்தோம் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இளைஞர் மறுநாளே 1,200 ரூபாயைக் கொண்டுவந்து கொடுத்தார்.

கியர்பாக்ஸ் இறங்கிய அன்று அவருக்கு வகுப்பு இருந்தது. நாங்கள் மூவர் மட்டுமே பட்டறையில் இருந்தோம். மெக்கானிக் பழைய பிளேட்டைக் கையில் கொடுத்தார். வட்டத் தகட்டின் இருபுறமும் பதித்த உராய்வுப் பட்டை, ரிவிட்டுகளின் தலையளவுக்குத் தேய்ந்து கண்ணாடிபோல் பளபளத்தது. இஞ்சினோடு சேர்ந்து சுழலும் ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே இந்தத் தகடு இறுக்கிப் பிடிக்கப்பட்டிருக்கும் வரைதான் இஞ்சினின் விசை சக்கரத்துக்குப் போகும். பெடலை மிதித்தால் பிடி தளரும், விட்டால் இறுகும். முழுதாக மிதித்தாலும் கேடில்லை, முழுதாக விட்டாலும் கேடில்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்கும்போதுதான் தகடு வழுக்கி உராய்ந்து சூடேறித் தேய்கிறது.

ஃப்ளைவீலில் விரல் ஓட்டிப் பார்த்தார். நீலம் பாய்ந்த சூட்டுத் தழும்புகள் சில இருந்தன, வெடிப்பு இல்லை. எண்ணெய்க் கசிவும் இல்லை. எண்ணெய் இறங்கி வழுக்கியிருந்தால் பழியை ஒரு சீலின் மேல் போட்டிருக்கலாம். கடைசியாக ரிலீஸ் பேரிங்கைச் சுழற்றிக் காட்டினார். மணலை அரைப்பதுபோல் ஓசை. அது அழுத்தும் பிரஷர் பிளேட்டின் எஃகு விரல்களில் வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தது.

"எந்நேரமும் பெடல் மேலயே காலை வெச்சு ஓட்டுனா இப்படித்தான் ஆகுங்க. மிதிக்க வேண்டாம், காலோட கனமே போதும். யாருங்க அது?"

எங்கள் மூவர் மனத்திலும் ஒரே முகம்தான் தோன்றியது.

*

இரண்டு நாள் கழித்து வண்டியை எடுக்க நால்வரும் போனோம். புதிய பிளேட்டை நடுமையம் பிசகாமல் பொருத்தியிருந்தார். முதல் சில நூறு கிலோமீட்டர் மலை ஏற்றாமல், பாரம் இழுக்காமல் பக்குவமாக ஓட்டும்படி சொல்லிவிட்டு, ஒவ்வொருவராக ஒரு சுற்று ஓட்டிக் காட்டச் சொன்னார். பக்கத்து இருக்கையில் அமர்ந்து அவர் சாலையைப் பார்க்கவில்லை, எங்கள் கால்களைப் பார்த்தார்.

முதலில் வண்டிக்குரியவர். கியர் மாற்றி முடித்த பிறகும் அவர் இடக்கால் பெடலை விட்டு நகரவில்லை. அடுத்து ஓட்டிய பேராசிரியைக்கு இரண்டு முறை நினைவூட்ட வேண்டியிருந்தது: "அம்மா, காலு." மூன்றாமவரும் அப்படியே. ஆசிரியரின் பிழை மாணவர்களிடம் அட்சரம் பிசகாமல் இறங்கியிருந்தது. கடைசியாக இளைஞர் ஓட்டினார். கியர் விழுந்த மறுகணம் அவர் பாதம் பெடலை விட்டு இடப்புறத் தரையில் அமர்ந்தது. அடுத்த கியர் வரை அங்கேயே இருந்தது. லாரியில் அரைக் கிளச்சில் கால் வைத்தால் அவர் தந்தை முழங்காலில் தட்டுவாராம்.

மெக்கானிக் எதுவும் சொல்லவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

திரும்பும் வழியில் அவரிடம் கேட்டோம்: "எங்க கால் பெடலிலேயே இருக்கிறதை நீங்க முன்னாடியே பார்த்திருக்கீங்களா?"

"பார்த்திருக்கேனுங்கய்யா."

"சொல்லியிருக்கலாமே?"

சற்று நேரம் சாலையைப் பார்த்தபடி இருந்தார். "எப்படிங்கய்யா சொல்றது?"

அதற்கு எங்களிடம் பதில் இல்லை. ஒவ்வொரு கல்வியாண்டும் அவர் பணி தொடரலாமா என்பதற்கான பரிந்துரை எங்கள் துறையிலிருந்துதான் போகிறது. மூன்று ஆண்டுகள் எங்கள் முன்னால் அமர்ந்து வண்டி ஓட்டியவர், மாலையில் பின்னிருக்கையிலிருந்து எங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டு, தேய்வதை அறிந்தும் அறியாதவராக வந்திருக்கிறார். கிளச்சுக்குப் பற்றி என்பதா இணைப்பி என்பதா என்று அந்தக் காரிலேயே ஒரு மாலை முழுக்க வாதிட்டிருக்கிறோம். அன்றும் அவர் பின்னிருக்கையில்தான் இருந்தார். அவருக்கு ஏதேனும் கருத்து உண்டா என்று கேட்டதாக நினைவில்லை.

1,200 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தோம். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "இருக்கட்டுங்கய்யா" என்று மறுப்பார் என எதிர்பார்த்திருந்தோம். மறுத்திருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் மறுக்காததே சரி என்று இப்போது தோன்றுகிறது.

இப்போது காலையில் நாங்களும் முறைவைத்து ஓட்டுகிறோம். பழக்கம் அவ்வளவு எளிதில் போவதில்லை. மேம்பாலத்துக்குச் சற்று முன், பின்னிருக்கையிலிருந்து குரல் வரும்: "ஐயா, காலு." நாங்கள் கேட்டுக்கொண்ட பிறகு, பல வாரங்கள் தயங்கித்தான் அவர் அதைச் சொல்லத் தொடங்கினார். கேட்டதும் காலை எடுத்துத் தரையில் வைக்கிறோம்.

'நாங்கள்' என்று எழுதுவதில் ஒரு வசதி இருக்கிறது. பழி மூன்றாகப் பிரிந்துவிடுகிறது. ஆகவே இதையும் சொல்லிவிட வேண்டும். அந்த வண்டிக்குரியவர் இதை எழுதுபவர்தாம்.