பல்லுக்குள் பல்

வலிக்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், தெறிப்பு. ஆனால் டாக்டர் முன் வாயைத் திறந்து உட்கார்ந்தவனின் சொல்லுக்கு மதிப்பு அவர் கண்ணில் படுவதைப் பொறுத்தது. என் மேல்வரிசையில், நடுப்பல்லுக்கு அடுத்த பல் மூன்று மாதம் வலித்தது. சொத்தை இல்லை, விரிசல் இல்லை. முதலில் பார்த்தவர், பல்லில் ஒன்றுமில்லை, மனசை அலட்டிக்கொள்ளாதீர்கள் என்றார். அத்தாட்சியில்லாத வலியோடு இருப்பவன் கொஞ்ச நாளில் தன் பிரக்ஞையையே சந்தேகிக்க ஆரம்பித்துவிடுகிறான்.

இரண்டாமவர் அதிகம் பேசவில்லை. குளிரூட்டிய பஞ்சை ஒவ்வொரு பல்லிலும் வைத்துப் பார்த்தார். பக்கத்துப் பற்கள் கூசின. வலித்த பல்லுக்கு மட்டும் எதுவும் தெரியவில்லை. கருவியின் பிடியால் அதை லேசாகத் தட்டியதும் உயிர் போயிற்று. உள்ளே நரம்பு செத்துவிட்டது, வலிப்பது வேர் நுனியைச் சுற்றிய இடம் என்றார். எக்ஸ்ரேயில் பல்லுக்குள் இன்னொரு பல் நிற்பதுபோல் ஒரு வெளுத்த உருவம்.

லத்தீனில் இதற்கு டென்ஸ் இன் டென்டே என்று பெயர், பல்லுக்குள் பல். உண்மையில் இரண்டாவது பல் கிடையாது. பல் கெட்டிப்படுமுன்பே அதன் மேற்பரப்பு உள்நோக்கி மடிந்துவிடுகிறது. இந்தப் பல்லில்தான் இது அதிகம். ஓலர்ஸ் என்ற ஆய்வாளர் 1957இல் இதை மூன்று வகையாகப் பிரித்தார்: மடிப்பு பல்லின் தலைப்பகுதியோடு நிற்பது, வேருக்குள் இறங்கி அங்கேயே முடிவது, வேரைத் துளைத்து வெளியேறுவது. பல்லின் பின்புறம் ஒரு சிறு குழி, அவ்வளவுதான் வெளியில் தெரிவது. மடிப்பின் அடியில் எனாமல் மெலிந்திருக்கும், சில இடங்களில் இருக்கவே இருக்காது. கிருமி அவ்வழியே இறங்கி நரம்பைக் கொல்லும். வெளியே பல் பளிச்சென்று இருக்கும்.

உருவம், உள்ளடக்கம் என்று நாம் போட்ட சண்டைகளில் உருவத்தை மேலே போர்த்திய தோலாகவே பேசிவந்தோம். இங்கே வெளியில் இருக்கவேண்டிய எனாமலே உள்ளே போய் நோயின் பாதையாகிவிட்டது. ஒரு கவிதையைப் புரட்டிப் பார்த்து, இதில் ஒன்றுமில்லை என்று சொல்லும் விமர்சகன் அதன் பின்புறத்தைப் பார்த்தானா, தட்டினானா என்று கேட்கத் தோன்றுகிறது.

மறுபக்கத்து ஜோடிப் பல்லிலும் அதே குழி இருந்தது. அது வலிக்கவில்லை. டாக்டர் அதையும் அடைத்துவிட்டார்.