அப்பத்தாவுக்குச் சொன்ன கணக்கு

காசிக்கும் மதுரைக்கும் எவ்வளவு தொலைவு? நம் விடுதித் தமிழ் மாணவர் ஒவ்வொருவரும் ஊருக்குப் போனால் விடை சொல்லியாக வேண்டிய கேள்வி இது. என்னை முதலில் கேட்டவர் என் அப்பத்தா. நான் எம்.எஸ்ஸி. இயற்பியலில் சேர்ந்த புதிது. கணக்குச் சொல்லும் ஆசை யாரை விட்டது?

பாபத்பூர் விமான நிலையம் ஏறக்குறைய இருபத்தைந்தரைப் பாகை வட அட்சத்தில் இருக்கிறது. மதுரை நிலையம் பத்துப் பாகைக்குச் சற்றுக் குறைவு. பாகை ஒன்றுக்கு 111 கிலோமீட்டர். கிழக்கு மேற்கு விலகலையும் சேர்த்தால், பூமியின் வளைவை ஒட்டிய மிகக் குறுகிய வழி சுமார் 1,800 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் பறந்தால் இரண்டேகால் மணி. ஏற இறங்க அரை மணி.

"மூணு மணி நேரந்தானாய்யா? நான் மேலூருல இருந்து பஸ்ஸேறி மருதைக்குப் போயித் திரும்புற நேரம்" என்று அப்பத்தா பூரித்துப் போனார். நேர் விமானம் கிடையாது என்பதை நான் சொல்லவில்லை. அந்த முகத்தைப் பார்த்தபின் சொல்ல மனம் வரவில்லை.

2025 சனவரியில் ஒரு விடியற்காலை அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். அப்பத்தா கொல்லையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது; அன்று மாலையே அறுவைச் சிகிச்சை. "பேரன் மூணு மணியில வந்துருவான், அவனைப் பாத்துட்டுத்தான் உள்ள போவேன்" என்கிறாராம்.

அறைத் தோழர் இருவர் கொடுத்த பணத்தில் டிக்கெட் எடுத்து, ஆறு மணிக்கு விடுதியை விட்டுக் கிளம்பினேன். தை மாதத்து மூடுபனியை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்பதரை மணி விமானம் ஒன்றரைக்குத்தான் எழும்பியது. பெங்களூரில் இறங்கியபோது மதுரை விமானம் போய்விட்டிருந்தது. அடுத்தது இரவு எட்டு மணிக்கு.

காத்திருந்த நேரத்தில் கை சும்மா இருக்கவில்லை. பயணச்சீட்டின் பின்புறம் கணக்குப் போட்டேன். காசியிலிருந்து பெங்களூர் சுமார் 1,460. அங்கிருந்து மதுரை 375. ஆக 1,835. சுற்றிப் போவதால் கூடுவது 35 கிலோமீட்டர்! நம் லங்கா வாயிலிலிருந்து பாபத்பூர் போகும் தொலைவைவிட மிக அதிகமில்லை. அவ்வளவுதான் என்று கண்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது இரவு பத்து. பதினாறு மணி நேரத்தில் நான் பறந்தது நான்கு மணிக்கும் குறைவு. மற்றதெல்லாம் நாற்காலியிலும் சாலையிலும் கழிந்தது. சிகிச்சை முடிந்து அப்பத்தா மயக்கத்தில் இருந்தார். ஐந்து மணிவரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று அண்ணன் சொன்னார்.

மறுநாள் காலை கண் விழித்ததும், "கணக்கு எங்கய்யா தப்பிப்போச்சு?" என்றார். பனி, பெங்களூர், நாற்காலி எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"ஒரு பகப்பொழுது ஆகும்னு அப்பவே சொல்லியிருந்தா, நானும் அதுக்குத் தக்கன மனசைத் தேத்தியிருப்பேன்ல?"

இப்போது தடியூன்றி நடக்கிறார். அடுத்த விடுமுறைக்கு நான் ரயிலில் போகிறேன். இரண்டு நாளுக்கு மேலேயே ஆகும் என்று இம்முறை முன்னதாகச் சொல்லிவிட்டேன்.