மடத்துக்குளத்தில் காத்து வாங்கலாம், வாங்க!

உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டில் 'பழனி' என்று போர்டு மாட்டிய பஸ்ஸைப் பாருங்க. "மடத்துக்குளம் நிக்குமுங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுட்டு ஏறுங்க. ஜன்னல் சீட் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. இந்த ரூட்டில் காற்று உங்களைத் தேடி வந்து அடிக்கும்!

ஊட்டி, கொடைக்கானல், மூணாறு எல்லாம் இருக்க, டூர் அடிக்க மடத்துக்குளமா என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. சிரிங்க. ஆனால் நீங்கள் போட்டிருக்கும் டி-ஷர்ட்டைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்க. திருப்பூர் பனியன் என்றால், அதன் நூல் இந்த உடுமலை, மடத்துக்குளம் பக்கத்து ஸ்பின்னிங் மில் ஒன்றில் பிறந்திருக்கக்கூடும். ஒரு பக்கம் கரும்பு, தென்னை, நெல். இன்னொரு பக்கம் பேப்பர் மில், நூல் மில். நடுவே அமராவதி ஆறு. 2009-ல் திருப்பூர் மாவட்டம் உருவானபோது உடுமலையிலிருந்து பிரிந்து தனித் தாலுகா ஆன ஊர். போஸ்ட்கார்டில் போடும் அளவுக்கு அருவியோ சிகரமோ இங்கே இல்லை. காற்று மட்டும் அளவில்லாமல் இருக்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வாசல் திறந்து கிடக்கிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசலில் நுழைந்து கொங்கு நாட்டுக்குள் பாய்கிறது. உடுமலை வட்டாரம் முழுக்கக் காற்றாலைகள் முளைத்ததற்குக் காரணம் இதுதான். ஆடி மாசம் இங்கே வந்தால் உங்கள் ஹேர்ஸ்டைலுக்கு நாங்கள் பொறுப்பல்ல.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்த ஊருக்கு நானும் ஹாஸ்டல் நண்பன் ஒருவனும் கையில் ஒரு சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கரோடு போனோம். உள்ளே ஒரே ஒரு ஆல்பம். பேர், 'நத்திங் பட் விண்ட்'. காற்றைத் தவிர வேறொன்றுமில்லை! இந்த ஊருக்கு இதைவிடப் பொருத்தமான ஆல்பம் உண்டா, சொல்லுங்க?

யாருடையது?

இளையராஜா 1988-ல் வெளியிட்டது. குழல், ஹரிபிரசாத் சௌராசியா. அலகாபாத்தில் மல்யுத்த வீரரின் மகனாகப் பிறந்து, அப்பா கோதாவுக்கு இழுக்க, பையன் புல்லாங்குழலைப் பிடித்துக்கொண்ட கதைக்குச் சொந்தக்காரர். அவருடைய மூங்கில் குழலைச் சுற்றி ஒரு பெரிய ஆர்க்கெஸ்ட்ராவை உட்கார வைத்தார் ராஜா. மொத்தம் 5 டிராக். ஒன்றின் பேர் 'மொசார்ட் ஐ லவ் யூ'. இன்னொன்று 'கம்போஸர்ஸ் பிரெத்', அதாவது இசையமைப்பாளனின் மூச்சு.

இதற்கு ஒரு அண்ணன் உண்டு. 1986-ல் வந்த 'ஹவ் டு நேம் இட்'. தியாகராஜருக்கும் பாக்-குக்கும் காணிக்கையாக்கப்பட்டது. பாலு மகேந்திரா தன் 'வீடு' படத்தில் அந்த இசையைப் பயன்படுத்தியதால் சினிமா ரசிகர்கள் வரைக்கும் அது போய்ச் சேர்ந்தது. தம்பிக்கு அந்த யோகம் இல்லை. 2005-ன் திருவாசகம் சிம்பொனி பற்றி எல்லாரும் பேசுவார்கள். 2025 மார்ச் 8-ல் லண்டனில் அரங்கேறிய 'வேலியன்ட்' சிம்பொனிக்கு ஸ்டேட்டஸ் போடாத ஆளில்லை. நடுவில் இந்தக் குழல் ஆல்பம் அமைதியாக உட்கார்ந்திருக்கிறது. அது வந்த 1988-ஐ நினைத்துப் பாருங்க. 'அக்னி நட்சத்திரம்' ஊரையே ஆட்டி வைத்த வருஷம். அந்தக் கூட்டத்தில் ஹீரோ இல்லாத, ஹீரோயின் இல்லாத, பாட்டு வரியே இல்லாத கேசட்டை யார் தேடுவார்கள்?

உங்களில் ராக் பைத்தியங்கள் இருப்பீர்கள். உங்களுக்காக ஒரு குறிப்பு. 1970-களில் இங்கிலாந்தில் 'ப்ராக்ரஸிவ் ராக்' என்று ஒரு அலை அடித்தது. மூணு நிமிஷப் பாட்டெல்லாம் பத்தாது என்று நீள நீளமாக இசை அமைத்தார்கள். கிடார், டிரம்ஸ் பக்கத்தில் மேற்கத்திய கிளாஸிக்கலைக் கொண்டு வந்து உட்கார வைத்தார்கள். ஜெத்ரோ டல் குழுவின் இயான் ஆண்டர்சன் ஒற்றைக் காலில் நின்றபடி ஃப்ளூட் வாசிப்பார். 1969-ல் பாக்-கின் துண்டு ஒன்றை எடுத்து ராக் ஆக்கினார்கள். 1972-ல் 'திக் ஆஸ் எ பிரிக்' என்று ஒரே பாட்டில் மொத்த ரெக்கார்டையும் நிரப்பினார்கள். ராஜாவின் ஆல்பத்தை ராக் என்று சொன்னால் அடிக்க வருவார்கள். ஆனால் தைரியம் அதே ஜாதி. எல்லைக்கோட்டை அழித்துவிட்டு, "பொறுமையா உட்கார்ந்து கேளு" என்று கேட்பவனிடம் உரிமையாகச் சொல்லும் இசை.

எங்கள் திட்டம் சிம்பிள். யார் இசை என்று சொல்லக் கூடாது. போட்டுவிட வேண்டும். முடிந்ததும் "எப்படிங்க?" என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

ஊர் சொன்ன தீர்ப்பு

முதல் ஸ்டாப் டீக்கடை. மாஸ்டர் ஆற்றிக்கொண்டே கேட்டார். நாலு நிமிஷம் ஆச்சு. ரெண்டு டீ போச்சு. அப்புறம் நிமிர்ந்து, "நல்லாத்தானுங்க இருக்குது. பாட்டு எப்பங்க ஆரம்பிக்கும்?"

சிரிக்காதீங்க. இந்த ஆல்பம் ஏன் கவனிக்கப்படாமல் போனது என்பதற்கு ஒரே வரியில் இதைவிட நல்ல பதில் கிடையாது. நமக்கெல்லாம் பாட்டுக்கு முன்னால் வரும் இசை என்பது பாடகர் வருவதற்காகத் திறக்கும் கேட். கேட்டைத் திறந்துவிட்டு யாரும் உள்ளே வராவிட்டால் குழம்பிப் போகிறோம்.

அடுத்து, உடுமலையில் படிக்கும் ஒரு பையன். காதில் எப்போதும் மெட்டல். முழுசாகக் கேட்டான். "டிரம்ஸ் இன்னும் வெயிட்டா இருந்திருக்கலாம் ப்ரோ. புல்லாங்குழல் வந்தாலே எனக்கு கோயில் ஞாபகம் வந்துருது. ஆனா ஒண்ணு, நடுவுல ஸ்கிப் பண்ணத் தோணலை." இந்தக் காலத்தில் ஒரு இசைக்குக் கிடைக்கும் உச்சபட்ச விருது அது!

தென்னந்தோப்பில் தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மா ஒருத்தர், "அளுவுற மாதிரியே போயி, கடைசீல கண்ணைத் தொடச்சுட்டு எந்திரிச்ச மாதிரி இருக்குது சாமி" என்றார். 'சாங் ஆஃப் சோல்' ஓடிக்கொண்டிருந்தது. பேரை நாங்கள் சொல்லவே இல்லை.

காற்றாலையில் மெயின்டெனன்ஸ் பார்க்கும் அண்ணன், ஆல்பத்தின் பேரைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தார். "எங்களுக்குக் காத்துன்னா யூனிட்டுங்க தம்பி. இவரு அதுல மெட்டுப் போட்டுட்டாரு பாருங்க."

அங்கிருந்து கடத்தூர். அமராவதிக் கரையில் அர்ச்சுனேசுவரர் கோயில் இருக்கும் ஊர். பழைய கற்கோயில், ஆற்றங்கரை, மர நிழல். மடத்துக்குளம் வந்தால் இதைப் பார்க்காமல் திரும்பாதீங்க. அங்கே ஒரு நாதஸ்வரக்காரர் அகப்பட்டார். கண்ணை மூடிக் கேட்டார். விரல்கள் தொடையில் தாளம் போடவில்லை, துளை மூடித் திறந்துகொண்டிருந்தன. "வாசிப்பை நாங்க ரெண்டாவதாத்தான் கேப்போமுங்க. இவரு எங்க மூச்சு எடுக்கறாருன்னுதான் மொதல்ல கேப்போம். சொரத்துக்கு முன்னாடி 'ஃபூ'ன்னு ஒரு காத்து வருது பாருங்க, அதுதான் உசுரு. அதைக் கேட்டுட்டா ஆள் நம்ம பக்கத்துல உக்காந்து ஊதற மாதிரி ஆயிரும்."

இதற்கப்புறம் ஆல்பமே வேறு மாதிரி கேட்டது. நீங்களும் செய்து பாருங்க. ஸ்வரத்தை விட்டுவிட்டு, அதன் விளிம்பில் ஒட்டியிருக்கும் மூச்சைக் கேளுங்க.

ஒருத்தருக்கு மட்டும் கேட்கலை

கடைசியாகப் பார்த்தவரைப் பற்றித்தான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஸ்பின்னிங் மில்லில் சைடராக 30 வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரிங் ஃபிரேமில் நூல் அறுந்தால் ஓடிப்போய் ஒட்டுவதுதான் சைடர் வேலை. திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பி.எஸ்ஸி. படிக்கும் பேத்தி.

அன்று எங்களுக்குக் கிடைத்ததிலேயே நல்ல ரசிகர் அவர்தான். 5 டிராக்கையும் அசையாமல் கேட்டார். "இது ராஜாவேதானுங்க. வயலின் வந்து சேர்ற எடத்துலயே தெரிஞ்சு போச்சு" என்று பட்டென்று பிடித்தார். எங்களுக்கு ஒரே குஷி. நாதஸ்வரக்காரர் சொன்ன மூச்சு விஷயத்தை அவரிடம் சொல்லி, அந்த இடத்தை மறுபடி போட்டோம்.

காதைச் சாய்த்தார். "குழல் கேக்குது. மூச்சு எங்கங்க?"

"இதா, ஃபூன்னு வருதே தாத்தா" என்றாள் பேத்தி. மறுபடி போட்டோம். வால்யூமை ஏற்றினோம். குழல்தான் பெரிசாச்சு. அவர் கொஞ்ச நேரம் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சிரித்துக்கொண்டே, "மில்லுல உட்டுட்டு வந்துட்டேனாட்ட இருக்குது கண்ணு" என்றார். பேத்தி சிரிக்கவில்லை.

வயதாலா, மில்லாலா என்பதைப் பரிசோதித்து டாக்டர்தான் சொல்ல முடியும். ஆனால் சயின்ஸ் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். காதுக்குள் நத்தை ஓடு மாதிரி ஒரு சுருள். அதற்குள் ஆயிரக்கணக்கில் மயிரிழை செல்கள். பெரிய சத்தம் தொடர்ந்து அடித்தால் அவை செத்துப்போகும். செத்தால் மனுஷனுக்கு மறுபடி முளைக்காது. பேரிரைச்சல் முதலில் காலி பண்ணுவது 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையிலான கீச்சு ஒலிகளைக் கேட்கும் திறனை. குழலின் ஸ்வரம் அதைவிடக் கீழே இருப்பதால் தப்பித்துக்கொள்ளும். ஊதும் மூச்சின் 'ஃபூ', பேச்சில் வரும் 'ஸ்', 'ஷ்' எல்லாம் அந்த மேல்மாடியில்தான் அதிகம் குடியிருக்கின்றன. அதனால்தான் "பேசறது கேக்குது, என்ன சொல்றாங்கன்னுதான் புரியலை" என்று மில் வேலை பார்த்த பெரியவர்கள் பலர் சொல்கிறார்கள். வலி கிடையாது, ரத்தம் கிடையாது. வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் நடக்கிற திருட்டு.

நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகளில் பல்லாண்டாகப் பின்பற்றப்பட்ட வரம்பு, 8 மணி நேர ஷிப்ட்டுக்கு 90 டெசிபல். ரிங் ஃபிரேம் ஓடும் ஹாலில் அந்த அளவைத் தொடுவது அதிசயம் இல்லை. இதே 90 டெசிபலில் பாட்டுக் கேட்பதானால் வாரத்துக்கு 4 மணி நேரம் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு வாரத்துக்கு 4 மணி நேரம் எங்கே, ஒரு நாளைக்கு 8 மணி நேரம் எங்கே!

"காதுல பஞ்சு வெச்சுக்கிட்டுத்தானுங்க வேலை பாத்தோம்" என்றார் தாத்தா. பஞ்சுக்கு நடுவிலேயே வாழ்ந்தவர்களை அந்தப் பஞ்சு காப்பாற்றவில்லை. சாதாரணப் பஞ்சு இரைச்சலைக் கொஞ்சமாகத்தான் தடுக்கும். அதற்கென்றே செய்த இயர் பிளக் வேண்டும், இல்லை காதை மூடும் மஃப் வேண்டும். அதைக் கொடுப்பது நிர்வாகத்தின் வேலை. இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பைச் சட்டமே தொழில்சார் நோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறது. கேட்டு வாங்கலாம், தயக்கமே வேண்டாம்.

பேத்தி ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. கிளம்பும்போது மட்டும் கேட்டாள். "அண்ணா, அந்தப் பிளக்கு மெடிக்கல்ல கிடைக்குமாங்ணா? அம்மாவும் மில்லுலதான் இருக்காங்க. இன்னிக்கு நைட் ஷிப்ட்." கிடைக்கும் என்றோம். அம்மாவின் காதை ஒரு தடவை டாக்டரிடம் டெஸ்ட் பண்ணிவிடச் சொன்னோம். தலையாட்டினாள். அன்று நாங்கள் கேட்ட கருத்துகளிலேயே இந்தக் கேள்விக்குத்தான் எடை அதிகம்.

இப்போ உங்க டர்ன்

மில் சைடருக்கு வேறு வழி இருக்கவில்லை. நமக்கு இருக்கிறது. 12 முதல் 35 வயது வரை உள்ளவர்களில் 100 கோடிக்கும் மேற்பட்டோர் சத்தமாகக் கேட்டே காதைக் கெடுத்துக்கொள்ளும் அபாயத்தில் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பஸ் இரைச்சலை அமுக்க வால்யூமை ஏற்றுகிறோமே, அங்கேதான் ஆரம்பம். 80 டெசிபலுக்குள் இருந்தால் வாரத்துக்கு 40 மணி நேரம் தாராளமாகக் கேட்கலாம். பாதி வால்யூமைத் தாண்டாமல் இருப்பது நல்ல பழக்கம்.

ஆகவே மக்களே, ஒரு ஞாயிற்றுக்கிழமை மடத்துக்குளம் கிளம்புங்க. டீக்கடையில் ஒரு டீ. கடத்தூர் கோயில். ஆற்றங்கரையில் மர நிழலாகப் பார்த்து உட்காருங்க. 'நத்திங் பட் விண்ட்' இணையத்தில் கிடைக்கிறது. முதலில் ஸ்வரத்தைக் கேளுங்க. ரெண்டாவது தடவை மூச்சைக் கேளுங்க. "பாட்டு எப்பங்க ஆரம்பிக்கும்?" என்று உங்களுக்கும் தோணலாம், தப்பே இல்லை. பிடிச்சுதா, இல்லையா என்று உங்கள் தீர்ப்பையும் சொல்லுங்க.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ தறியிலும் மில்லிலும் வேலை பார்த்த பெரியவர் யாராவது இருந்தால், அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்க. வால்யூமை ஏற்றாமல், அந்த 'ஃபூ' கேட்குதா என்று கேட்டுப் பாருங்க. கேட்கலை என்று சொன்னால், அடுத்த வாரமே ஒரு காது டாக்டரிடம் கூட்டிப் போங்க.