கிடார் வாங்கிய படலம்

எங்க வீட்டுப் பரண்ல பத்து வருஷமா ஒரு கிடார் கிடந்துச்சு. யாராவது அதைப் பாத்துட்டு "வாசிப்பியா?"ன்னு கேட்டா, "நமக்கு சங்கீத ஞானம் கம்மிங்க, வரல, விட்டுட்டேன்"னு சிரிச்சு மழுப்பிடுவேன். அது பாதிதான் உண்மைன்னு போன மாசம்தான் தெரிஞ்சுது. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கங்க.

2015. இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம். காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல ஒருத்தன் 'இளைய நிலா' ஆரம்பத்தை வாசிச்சுட்டான். படம் 'பயணங்கள் முடிவதில்லை', 1982ல வந்தது, நாங்கல்லாம் பொறக்கவே இல்ல. ஆனா தமிழ்நாட்டுல கிடார் தூக்குற ஒவ்வொருத்தனும் அதை வாசிச்சே ஆகணும்ங்கிறது எழுதப்படாத சட்டம். அவனுக்குக் கிடைச்ச கைதட்டலைப் பாத்துட்டு நேரா வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட நின்னேன். சீட்டு எடுத்த பணத்துல நாலாயிரம் எண்ணிக் குடுத்தாங்க. "நல்லதா பாத்து வாங்குடா"ன்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

நான் வாங்கினது ரெண்டாயிரத்து ஐநூறுக்கு. பளபளன்னு செவப்பா இருந்துச்சு, அதுதான் தேர்வு செஞ்ச காரணம். மீதி ஆயிரத்து ஐநூறு படம், பிரியாணின்னு போச்சு.

மூணு மாசம் போராடினேன். விரல் நுனியெல்லாம் கொப்புளம். அது எல்லாருக்கும் வர்றதுதான்னு சொன்னாங்க, சரி. ஆனா மொபைல்ல ட்யூனர் போட்டு ஆறு கம்பியையும் பச்சை விளக்கு எரியற வரைக்கும் முறுக்கி வெச்சுட்டு, ஒரு கார்ட் பிடிச்சு வாசிச்சா புளிச்ச மோர் மாதிரி ஒரு சத்தம். ட்யூனர் சரின்னுது, என் காது தப்புன்னுது. இன்ஜினியரிங் பையன் இல்லையா, மெஷினை நம்பினேன். காதுதான் சரியில்லன்னு முடிவு பண்ணி நவம்பர்ல பரண்ல ஏத்திட்டேன்.

அடுத்த மாசம் என்னாச்சுன்னு முடிச்சூர்க்காரங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. டிசம்பர் வெள்ளத்துல வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. ஃபிரிட்ஜ், மெத்தை, கீழ்த்தட்டுல இருந்த புடவை எல்லாம் போச்சு. பரண்ல இருந்த பித்தளைப் பாத்திரமும் கிடாரும் மட்டும் அலுங்காம இருந்துச்சு. அந்த நாலாயிரம் கையில இருந்திருந்தா ஒரு மெத்தையாவது வாங்கியிருக்கலாம். அம்மா அதை ஒரு தடவைகூட சொல்லல. சொல்லியிருந்தாகூட தேவலாம்.

கட் பண்ணா, இந்த வருஷம். மெப்ஸ்ல ஆணி பிடுங்கிட்டு வந்தப்புறமும் கை கீபோர்டைத் தேடுது. கைக்கு வேற வேலை குடுக்கலாம்னு பழைய கிடாரைத் தூக்கிட்டு, கம்பி மாத்த சேலையூர் பக்கம் ஒரு மாஸ்டர்கிட்ட போனேன். அவர் கம்பியைத் தொடவே இல்ல. துப்பாக்கி குறி பாக்கற மாதிரி நெக்கை ஒரு கண்ணால பாத்தார். அப்புறம் பன்னெண்டாவது ஃப்ரெட் மேல ஒரு சின்ன ஸ்கேலை வெச்சார். அஞ்சு மில்லிமீட்டர்.

"இது ரெண்டு, ரெண்டரை இருக்கணும் தம்பி. நெக்குக்குள்ள ட்ரஸ் ராடும் இல்ல, நிமிர்த்த முடியாது."

பரண் ஈரத்துல வளைஞ்சிருக்கும் சார்னு சொன்னேன். ஆனா சொல்லும்போதே ஞாபகம் வந்துருச்சு. புதுசுலயே அந்த இடத்துல கம்பிக்கு அடியில ஒரு பேனா ரீஃபில் தாராளமா போய் வரும். கார்ட் எழுதிப் பாக்கற ரீஃபிலை அங்கதான் சொருகி வைப்பேன்!

விஷயம் இதுதான். கம்பி உசரமா இருந்தா அழுத்தும்போது கூடுதலா இழுபடும். இழுபட்டா சுருதி ஏறும். சும்மா மீட்டினா சரியா இருக்கற கம்பி, அழுத்தினா தப்பா கேக்கும், அதுவும் ஒவ்வொரு கம்பியும் ஒவ்வொரு அளவுக்கு. பன்னெண்டாவது ஃப்ரெட் கம்பியோட சரிபாதி, அங்க அழுத்தினா அதே ஸ்வரம் ஒரு ஸ்தாயி மேல வரணும். ட்யூனரை வெச்சுக்கிட்டு நான் இதை ஒரு தடவைகூட சோதிச்சுப் பாக்கல. கோடுக்கு டெஸ்ட் கேஸ் எழுதிச் சம்பளம் வாங்கற ஆளு நான் :(

புளிச்ச மோர் கதையைச் சொன்னதும் மாஸ்டர் சிரிச்சார். "தப்புன்னு கேட்டுச்சுல்ல? அப்போ காது நல்ல காதுதான் தம்பி."

வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் அதையேதான் நினைச்சுட்டு வந்தேன்.

அதுக்கப்புறம் வேட்டை. பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையை ஒரு சுத்து சுத்தினேன். அங்க கிடாரும் கிடைக்கும், கிடாரோட பாகங்களும் கிடைக்கும், ரெண்டும் ஒண்ணா இருக்குமான்னுதான் சந்தேகம். சனிக்கிழமை கிண்டி போய் மெட்ரோ மாறி அண்ணா சாலை மியூசி மியூசிகல். 1842ல ஆரம்பிச்ச கடை. உள்ள பத்து வயசுப் பொண்ணு ஒண்ணு பியானோல பின்னி எடுத்துட்டு இருந்துச்சு. அது முன்னாடி கிடாரைத் தொட எனக்குக் கூச்சம். ஆனாலும் பையில இருந்து ஸ்கேலை எடுத்துட்டேன்.

இருபதாயிரத்துக்கு மேல போனா மேல்பலகை முழுமரமா வரும், சத்தம் வேற ரகம். ஆனா நம்ம ஊர் ஈரத்துக்கு முழுமரம் ஊதும், சுருங்கும், பாத்துக்கணும். ஒட்டுப்பலகைன்னா அவ்வளவு அலட்டிக்காது. எனக்கு அதுவே போதும்னு பட்டுச்சு. கடைசியில ரெண்டுல வந்து நின்னுச்சு, ஒண்ணு யமஹா எஃப்280. சென்னைக்குப் பக்கத்துலயே யமஹாவுக்கு ஃபேக்டரி இருக்கு, 2019ல ஆரம்பிச்சது, இந்த மாடல் அங்க செய்யறதுதான். பத்தாயிரத்துக்குள்ள. அளந்தா ரெண்டரை மில்லிமீட்டர். பன்னெண்டாவது ஃப்ரெட்ல ட்யூனர் முள்ளு நடுவுலயே நின்னுச்சு. கலரு? சாதா மரக்கலரு.

வீட்டுல அம்மா ரெண்டு கிடாரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தாங்க. புதுசுல ஒரு கம்பியை அழுத்தினாங்க, அப்புறம் பழசுல அதே கம்பி. விரலை உதறிக்கிட்டாங்க.

"இதுலதான் கோளாறா? உனக்கு வரலன்னு சொன்னியேடா."

"ஆமாம்மா."

"நாலாயிரம் வாங்கிட்டு இப்படி ஒண்ணைத் தலையில கட்டிட்டானே அந்தக் கடைக்காரன், நாசமாப் போறவன்."

நான் ட்யூன் பண்றதுல ரொம்ப மும்முரமா இருந்தேன். அந்த ஆயிரத்து ஐநூறு கணக்கை இன்னும் சொல்லல. அம்மா இந்தப் பக்கமெல்லாம் படிக்கறதில்ல, படிக்கற சொந்தக்காரங்க தயவு செஞ்சு வாயைத் திறக்காதீங்க. தீபாவளிக்குள்ள நானே சொல்லிடறேன்.

'இளைய நிலா' இன்னும் வரல. ஜி கார்ட் வந்துருச்சு.