திரையில் ஒரு வாயில்

செங்கற்பட்டிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் சாலை, திருக்கழுக்குன்றத்தைக் கடந்து, மாமல்லபுரத்தில் கடலைக் காண்கிறது. அவ்வூரை நெருங்கும்போதே உளியோசை செவியில் விழும். சாலையோரக் கூடங்களில் சிற்பிகள் கருங்கல்லைச் செதுக்கிக்கொண்டிருப்பர். பிள்ளையாரும் நந்தியும் புத்தரும் வாயிலில் வரிசையாக நின்று வழிப்போக்கரை அழைப்பர். 1957ஆம் ஆண்டில் இங்கே அரசினர் சிற்பப் பயிற்சி நிலையம் தொடங்கப்பெற்றது. அதுவே பின்னர்க் கல்லூரியாக வளர்ந்தது. 2017ஆம் ஆண்டில் மாமல்லபுரக் கற்சிற்பங்கள் புவிசார் குறியீடு பெற்றன.

இன்று இக்கூடங்கள் பலவற்றுக்கு இரண்டு வாயில்கள் உண்டு. ஒன்று சாலையை நோக்கியது, மற்றொன்று இணையத்தளம். முதல் வாயிலில் சுற்றுலாப் பயணி நுழைகிறார். இரண்டாம் வாயிலில், கடல் கடந்த நாட்டில் கோயில் எழுப்ப எண்ணுவோர் நுழைகின்றனர். சாலை வாயிலின் கதவு பழுதுற்றால் உரிமையாளர் அன்றே அறிவார். திரையில் உள்ள வாயில் பழுதுற்றால் அவர் அறிவதில்லை. ஏனெனில், தம் கடைக்குள் அவ்வழியாக அவர் நுழைவதே இல்லை. நுழைய முடியாமல் திரும்புகிறவரோ சொல்லிவிட்டுச் செல்வதில்லை.

இத்தகைய சிற்பக்கூடம் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். அதன் தளம் 2008ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. தொடக்கத்தில் வெளியூர்க் கடிதங்கள் நிறைய வந்தன. ஆண்டுகள் செல்லச் செல்ல அவை குறைந்தன. முதிய சிற்பி, காலம் கெட்டுவிட்டது என்று வருந்தினார். கல்லூரியில் பயிலும் மகள் ஒருநாள் கேட்டாள்:

“அப்பா, நம் தளத்தை நீங்கள் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?”

“நான் பார்த்து என்ன அம்மா செய்வது? வாங்குகிறவர்கள் பார்த்தால் போதாதா?”

“அவர்கள் பார்க்க முடிகிறதா என்று நாம் பார்க்க வேண்டுமே, அப்பா!”

அவள் தன் கைப்பேசியில் தளத்தைத் திறந்து காட்டினாள். எழுத்துகள் எறும்பு ஊர்வதுபோல் சிறுத்திருந்தன. ஒரு வரியைப் படிக்கத் திரையை இடமும் வலமும் தள்ள வேண்டியிருந்தது.

இதில் வியப்பில்லை. சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ் லீ 1989ஆம் ஆண்டில் உலகளாவிய வலையைப் பற்றிய தம் கருத்தை முன்வைத்தார். அதன்பின் நெடுநாள் வரையில் மக்கள் மேசைக் கணினியிலேயே தளங்களைக் கண்டனர். கைப்பேசி பெருகியபோது அந்நிலை மாறியது. திரையின் அளவுக்கேற்பத் தானே விரிந்தும் சுருங்கியும் அமையும் தள வடிவத்தை ஈத்தன் மார்க்காட் 2010ஆம் ஆண்டில் விளக்கி எழுதினார். 2015ஆம் ஆண்டு ஏப்ரலில், கைப்பேசியில் நன்கு படிக்கத்தக்க பக்கங்களுக்குக் கைப்பேசித் தேடலில் முன்னிடம் தருவதைக் கூகுள் நிறுவனம் தொடங்கியது. காலம் மாறியது, சிற்பியின் தளமோ மாறவில்லை.

மகள் மேலும் சில குறைகளைக் கண்டாள். முகப்பில் சிலைகள் சுழன்று தோன்றும்படி ‘பிளாஷ்’ என்னும் மென்பொருளால் ஒரு காட்சி அமைத்திருந்தனர். அம்மென்பொருளுக்கான ஆதரவு 2020ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தப்பட்டது. காட்சி இருந்த இடத்தில் வெறும் கட்டமே எஞ்சியது. தமிழ்ப் பக்கம் பழைய எழுத்துருவில் அமைந்திருந்ததால், பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. ஒருங்குறியைத் தமிழ்நாட்டு அரசு 2010ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டது. தளம் அதனை ஏற்கவில்லை. முகவரிப் பட்டையில் ‘பாதுகாப்பற்றது’ என்ற எச்சரிக்கையும் நின்றது. மறைக்குறியாக்கம் இல்லாத தளங்கள் அனைத்தையும் 2018ஆம் ஆண்டு ஜூலை முதல் குரோம் உலாவி இவ்வாறு சுட்டி வருகிறது. முன்பணம் அனுப்ப எண்ணுகிறவர் இவ்வெச்சரிக்கையைக் கண்டபின் அனுப்புவாரா?

முகவரியில் ‘காஞ்சிபுரம் மாவட்டம்’ என்றிருந்தது. செங்கற்பட்டு 2019ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் முதல் தனி மாவட்டமாக விளங்குகிறது. இக்குறை ஒரு சொல்லில் தீர்வது. ஓர் ஓடு உடைந்தால் ஓட்டை மாற்ற வேண்டும். வீட்டை இடிப்பது அறிவன்று. ஆனால், அந்த ஒரு சொல்லை மாற்றவும் உரிமையாளரால் இயலாமல், எப்போதோ தளம் அமைத்தவரைத் தேடி அலைய நேர்ந்தால், குறை ஓட்டில் இல்லை. கட்டடத்தில் உள்ளது என்று உணரவேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். உரிமையாளருக்குத் தம் தளம் சலித்துவிட்டது என்பதோ, அண்டைக் கடையின் தளம் பளபளக்கிறது என்பதோ புதுப்பிப்பதற்குத் தக்க காரணம் ஆகாது. வருவோர் வேண்டியதைக் காண்கின்றனரா என்பதே உரைகல். அதனை அறியப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஐந்து பேரைப் பயன்படுத்தச் செய்து பார்த்தாலே பெரும்பாலான குறைகள் புலப்படும் என்று யாக்கோப் நீல்சன் 2000ஆம் ஆண்டில் எழுதினார்.

மகள் அவ்வாறே செய்தாள். அண்டையிலிருந்த தேநீர்க்கடை இளைஞரிடம் கைப்பேசியைக் கொடுத்து, “இரண்டடி நந்தியின் விலையையும், எங்களை அழைக்கும் எண்ணையும் கண்டு சொல்லுங்கள், அண்ணா” என்றாள். இளைஞர் தேடினார்; தடுமாறினார்; மீண்டும் தேடினார். அருகில் நின்ற முதியவர் பொறுக்கமாட்டாமல், “அதோ, கீழே!” என்று சுட்டக் கை நீட்டினார். மகள் அக்கையை மெல்லப் பற்றிக்கொண்டாள். “வெளிநாட்டில் இருப்பவர் அருகில் நீங்கள் நிற்க மாட்டீர்களே, அப்பா!” என்றாள். முதியவர் தலைகுனிந்தார். கடிதங்கள் குறைந்ததன் காரணம் அவருக்கு அப்போது விளங்கியது.

தளம் புதிதாக அமைந்தது. நல்ல படங்களும் சிலைகளின் வரலாறும் அப்படியே காக்கப்பட்டன. பழைய பக்கங்களின் முகவரிக்கு வருவோர் புதிய பக்கங்களைச் சென்றடையுமாறு வழி செய்யப்பட்டது. சிற்பி கல்லில் கோடிட்டு அளந்தபின்னரே உளியை வைப்பார். பெயர்த்த சில்லை மீண்டும் ஒட்ட இயலாது. தளத்தில் பிழையைத் திருத்தலாம் என்றாலும், அளந்து தொடங்குவதே அங்கும் நன்று.

மாமல்லபுரக் குன்றின்மேல் ஒலக்கண்ணேசுவரர் கோயில் உள்ளது. ஒரு காலத்தில் அதன் கூரைமீது விளக்கேற்றிக் கப்பல்களுக்கு வழி காட்டினர். பின்னர் அருகிலேயே வட்டமான கல் கோபுரம் எழுந்தது; விளக்கு அங்கே சென்றது. பழைய கோயிலும் இன்றளவும் நிற்கிறது. கரையில் நிற்பவன் கண்ணுக்கு விளக்கு அழகாக இருக்கிறதா என்பது சிறு வினா. கடலில் தத்தளிப்பவன் கண்ணுக்கு அது தெரிகிறதா என்பதே பெருவினா. வணிகர் தம் தளத்தைப் பற்றிக் கேட்கவேண்டிய வினாவும் அதுவே.