நாலே விக்கெட் எடுத்தவர்

மேட்ச் ஜெயித்தால் யாருக்குப் பெயர்? செஞ்சுரி அடித்தவருக்கு. அவர் இல்லையென்றால் ஐந்து விக்கெட் எடுத்தவருக்கு. கேப்டனுக்கு எப்படியும் ஒரு பங்கு உண்டு. பவுலிங் கோச்சுக்கு? தோற்றால் மட்டும்தான் அவர் பெயரே ஞாபகம் வரும். "இவனுங்களுக்கு யாருய்யா பவுலிங் சொல்லிக் குடுக்குறது?" என்று டீக்கடையில் யாராவது கத்துவார்கள், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் பேஸ்பால் அணிகளில் "புல்பென் கோச்" என்று ஒருவர் உண்டு. மாற்று பிட்சர்கள் காத்திருந்து கையைச் சூடாக்கிக்கொள்ளும் ஓரத்து இடத்துக்குப் பெயர் புல்பென். அங்கே ஒரு டெலிபோன் இருக்கும். மேனேஜரிடமிருந்து போன் வந்தால் யார் எழுந்து பந்து போட ஆரம்பிக்க வேண்டும் என்று தெரியும். அந்தப் போனை எடுப்பதும், கூப்பிட்ட ஆளைத் தயாராக அனுப்புவதும் புல்பென் கோச்சின் வேலை. டிவி கேமரா அந்தப் பக்கம் அதிகம் திரும்பாது.

நம் பக்கத்தில் அந்த மாதிரி உத்தியோகம் பார்த்தவர் என்று தேடினால் முதலில் வருகிற பெயர் பரத் அருண். பிறந்தது விஜயவாடாவில் என்றாலும் ஆடியது தமிழ்நாட்டுக்காக. 1987-88இல் ரஞ்சிக் கோப்பையை வென்ற தமிழ்நாட்டு அணியில் இருந்தவர். இந்தியாவுக்கு 2 டெஸ்ட் ஆடினார், இரண்டுமே இலங்கைக்கு எதிராக. எடுத்தது 4 விக்கெட். ஒருநாள் போட்டி 4, அதில் 1 விக்கெட். வேகப்பந்து வீச்சாளராக அவர் கதை அத்தோடு முடிந்தது. கிரிக்கெட் குவிஸ்ஸில் கூட அபூர்வமாகத்தான் கேட்பார்கள்.

அதற்குப் பிறகுதான் அவருடைய அசல் வேலை ஆரம்பம். பெங்களூர் தேசிய கிரிக்கெட் அகாடமியில் பவுலிங் கோச்சாக இருந்தார். 2012 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவில் உன்முக்த் சந்த் தலைமையில் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை இந்தியா ஜெயித்ததே, அந்த அணிக்குக் கோச் இவர்தான். பைனலில் உன்முக்த் அடித்த 111 பலருக்கு ஞாபகம் இருக்கும். கோச் யார் என்று கேட்டுப் பாருங்கள் :)

2014இல் ரவி சாஸ்திரி இந்திய அணியின் டைரக்டராக வந்தபோது அருணும் பவுலிங் கோச்சாக உள்ளே வந்தார். இருவரும் 1962இல் பிறந்தவர்கள். 19 வயதுக்குட்பட்டோர் கிரிக்கெட் காலத்திலிருந்து நண்பர்கள். 2016இல் சாஸ்திரி வெளியே, கும்ப்ளே உள்ளே. அருணும் வெளியே. இந்த உத்தியோகத்தின் லட்சணம் இதுதான். நன்றாகச் செய்தாயா இல்லையா என்று யாரும் மார்க் போடுவதில்லை, உன்னைக் கூட்டி வந்தவர் போனால் நீயும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

வெளியே வந்தவர் சும்மா இருக்கவில்லை. 2016-17 ரஞ்சி சீசனுக்கு ஹைதராபாத் அணியின் கோச் ஆனார். அங்கே ஓர் ஆட்டோ டிரைவரின் பையன் ஏகப்பட்ட வேகத்தில் பந்து போட்டுக்கொண்டிருந்தான். அந்த சீசனில் அவன் எடுத்தது 41 விக்கெட். பெயர் முகமது சிராஜ். அருணுக்குத் தான் பட்ட கடனைப் பற்றி சிராஜ் பிற்பாடு பலமுறை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்.

நம் டிஎன்பிஎல்லிலும் திருவள்ளூர் வீரன்ஸ் அணிக்கு அருண் கோச்சாக இருந்தார். காரைக்குடிக்காரர்களுக்கு அந்த லீக் வேறு விதத்தில் ஞாபகம் இருக்கும். காரைக்குடி காளை என்று ஊர் பெயரில் ஓர் அணி 2016 முதல் 2019 வரை ஆடியது. ஆடியதெல்லாம் சேப்பாக்கத்திலும் நத்தத்திலும் திருநெல்வேலியிலும். காளை ஊருக்கு வரவே இல்லை, பிறகு திருப்பூருக்குப் போய்விட்டது. சரி, அது தனிக் கதை.

2017 ஜூலையில் சாஸ்திரி மறுபடி தலைமைக் கோச் ஆனார். டெண்டுல்கர், கங்குலி, லட்சுமண் மூவரும் இருந்த கமிட்டி பவுலிங்குக்கு ஜாகீர் கானை அறிவித்தது. சாஸ்திரிக்கு வேண்டியது அருண். ஒரே வாரத்தில் அருணே பவுலிங் கோச் என்று முடிவானது. நாடு முழுக்க ஒரே பேச்சு. ஜாகீர் எடுத்தது 311 டெஸ்ட் விக்கெட். அருண் 4. நண்பன் என்பதற்காகக் கொடுத்த வேலை என்றார்கள்.

அந்தச் சந்தேகத்தைத் தப்பென்று சொல்ல முடியாது. சாஸ்திரியின் நட்பு இல்லாவிட்டால் அருண் அந்த அறைக்குள் போயிருக்கவே மாட்டார், அதுவும் உண்மை. ஆனால் 311ஐயும் 4ஐயும் வைத்துக் கோச்சை எடை போடுவதில்தான் கோளாறு. காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரு கம்பெனி தானாகவே உள்ளுக்குள் வளர்த்துக்கொண்ட குட்வில்லைச் சொத்து என்று பேலன்ஸ் ஷீட்டில் காட்டக்கூடாது, ஏஎஸ் 26 அப்படித்தான் சொல்கிறது. இல்லை என்பதால் அல்ல, நம்பும்படி அளக்க வழி இல்லை என்பதால். கோச்சின் வேலையும் அப்படித்தான். அவர் ஏட்டில் பைசா ஏறாது, எல்லாம் அடுத்தவர் ஏட்டில்தான் ஏறும்.

பும்ராவின் ஏட்டைப் பாருங்கள். குட்டி ரன்-அப், விறைத்த கை, எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாத ஆக்‌ஷன். கோச் என்று ஒருவர் வந்தால் முதலில் அதைத்தான் "சரி" செய்யக் கை பரபரக்கும். அருண் அதைத் தொடவில்லை. ஆக்‌ஷன் இருக்கட்டும், அதைத் தாங்குகிற உடம்பைத் தயார் செய்வோம் என்பதுதான் தங்கள் முடிவு என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2018 ஜனவரியில் கேப் டவுனில் பும்ரா டெஸ்டுக்கு வந்தார், அந்த ஒரே வருடத்தில் 48 விக்கெட். ஒருவனுக்கு எதைச் சொல்லித் தரக்கூடாது என்று தெரிவதும் வாத்தியார் வேலைதான். இது காலேஜ் வாத்தியார்களுக்கும் பொருந்தும், வேண்டாம், வம்பு.

அந்தத் தென்னாப்பிரிக்கத் தொடரை இந்தியா 1-2 என்று தோற்றது. ஆனால் மூன்று டெஸ்டிலும் எதிரணியை இரண்டு இன்னிங்ஸிலும் ஆல் அவுட் செய்தார்கள். கிடைக்கக்கூடிய 60 விக்கெட்டில் 60. அடுத்த குளிர்காலத்தில் ஆஸ்திரேலியாவில் 2-1 வெற்றி, அங்கே இந்தியா ஜெயித்த முதல் டெஸ்ட் தொடர்.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது 2020-21. அடிலெய்டில் 36 ரன்னுக்குச் சுருண்டு தொடர் ஆரம்பித்தது. ஷமிக்குக் கை உடைந்தது. உமேஷ் காயம், ஜடேஜா காயம், அஷ்வின் காயம், கடைசியில் பும்ராவும். அப்பா காலமான செய்தி ஆஸ்திரேலியாவில் இருக்கும்போது வந்தும் சிராஜ் ஊருக்குத் திரும்பவில்லை. கடைசி டெஸ்ட் பிரிஸ்பேன் காபா மைதானத்தில். 1988க்குப் பிறகு ஆஸ்திரேலியா அங்கே ஒரு டெஸ்டும் தோற்றதில்லை.

இந்தியாவின் ஐந்து பவுலர்களும் அந்த மேட்சுக்கு முன் எடுத்திருந்த டெஸ்ட் விக்கெட்டுகளை மொத்தமாகக் கூட்டினால் 11. சிராஜ் 7, சைனி 4, ஷர்துல் தாக்கூர் பூஜ்யம். மற்ற இருவருக்கும் அதுதான் முதல் டெஸ்ட். எதிரே இருந்த நான்கு ஆஸ்திரேலியர்களுக்கு ஆயிரத்துக்கு மேல்.

அந்த இரண்டு புதுமுகங்களும் நம்ம ஊர் ஆட்கள். சேலம் பக்கம் சின்னப்பம்பட்டி நடராஜன், சென்னை வாஷிங்டன் சுந்தர். நடராஜன் அந்தப் பயணத்துக்கு நெட் பவுலராகப் போனவர். அதாவது பேட்ஸ்மேன்கள் பழக வேண்டும் என்பதற்காகப் பந்து போடப் போனவர். சுந்தரும் டி20 முடிந்தபின் டெஸ்ட் அணிக்கு வலைப்பயிற்சியில் பந்து போடத்தான் தங்க வைக்கப்பட்டார். இதுதான் அசல் புல்பென்! ஓரத்தில் வாரக்கணக்கில் கையைச் சூடாக்கிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு நாள் போன் வந்தது. கூப்பிட்ட அன்றைக்குத் தயாராக இருந்தார்கள் என்றால் வலையில் அவர்களையும் யாரோ பவுலர்களாகவே பார்த்து, எண்ணி எண்ணி ஓவர் போட வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

முதல் இன்னிங்ஸில் நடராஜன் 3, சுந்தர் 3, தாக்கூர் 3, சிராஜ் 1. இரண்டாவதில் சிராஜ் 73 ரன்னுக்கு 5, தாக்கூர் 4, சுந்தர் 1. 2021 ஜனவரி 19 அன்று 3 விக்கெட் வித்தியாசத்தில் வெற்றி.

அந்தத் தொடர் முழுக்க ஸ்மித்துக்கும் லபுஷேனுக்கும் ஆஃப் சைடில் இடமே கொடுக்காமல் ஸ்டம்புக்கு நேராகப் போட்டு, லெக் சைடில் ஆளை நிறுத்தியிருந்தார்கள். நியூசிலாந்து பவுலர்கள் ஸ்மித்துக்குப் போட்டதிலிருந்து பிடித்த யோசனை. இதைப் பற்றி நிருபர்கள் கேட்டபோது அருண் சொன்னது, ஜூலையிலேயே சாஸ்திரி போன் செய்து ஆஃப் சைடை அடைக்க வேண்டும் என்றார், அதிலிருந்துதான் திட்டம் வந்தது என்று. கிடைத்த ஒரே சான்ஸிலும் பெயரை இன்னொருவர் கணக்கில் வரவு வைத்துவிட்டார் மனிதர்.

2021 நவம்பரில் சாஸ்திரியின் காலம் முடிந்தது. வழக்கம்போல அருணும் கூடவே வெளியே. 2022இல் கொல்கத்தா நைட் ரைடர்ஸ் கூப்பிட்டது. 2024 மே 26, ஐபிஎல் பைனல், இடம் சேப்பாக்கம். அந்த சீசன் முழுக்க பவுலர்களை வெளுத்து வாங்கிய ஹைதராபாத்தை 113க்குச் சுருட்டி கொல்கத்தா கோப்பையை எடுத்தது. மேன் ஆஃப் தி மேட்ச் ஸ்டார்க்.

2025 ஜூலையில் லக்னோ அணி அவரைப் பவுலிங் கோச்சாக எடுத்துக்கொண்டது. அதற்கு முந்தைய சீசனில் லக்னோவுக்கு மென்ட்டராக இருந்தவர் ஜாகீர் கான்.