மண்ணுக்கும் தாருக்கும் ஒரே வண்டி

வாழப்பாடியில் வண்டி வைத்திருப்பவருக்கு ஒரே நாளில் இரண்டு விதமான ரோடு வாய்க்கும். சேலத்துக்கோ ஆத்தூருக்கோ போனால் உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலை. எண்பதில் நிம்மதியாகப் போகலாம். அதே வண்டியை வடக்கே திருப்பிப் பேளூரைத் தாண்டினால் பாக்குத் தோப்புகளுக்கு நடுவே செம்மண் தடம், ஓடை மணல், அப்புறம் அருநூத்துமலைக் கல். தும்பல் வழியாகக் கருமந்துறைக்கு ஏறுவது தார் ரோடுதான். ஆனால் அங்கிருந்து உள்ளே பிரியும் மலைத் தடங்கள் மழைக்கு முன்னால் ஒரு மாதிரி, மழைக்குப் பின்னால் வேறு மாதிரி. இரண்டுக்கும் சேர்த்து ஒரு வண்டி வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் இப்போது அதிகம். கம்பெனிக்காரர்கள் டூயல் ஸ்போர்ட் என்று சொல்லும் வண்டிகள் அவை. அவற்றை வாங்க நினைப்பவர்களுக்கும், அவற்றைப் பழுது பார்க்கும் வேலையைக் கற்க வரும் தம்பிகளுக்கும் பட்டறையில் நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உலகத்தில் இந்த வகை வண்டி பரவியது 1968-ல் யமஹாவின் டிடி-1 வந்த பிறகு. நம் நாட்டில் ஹீரோ இம்பல்ஸ் 2011-லும், ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 2016-லும், ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 2019-லும் வந்தன. அதற்கு முன்னால் மலைக்காரர்கள் நடந்தா போனார்கள்? ராஜ்தூத்தில் போனார்கள், ஆர்எக்ஸ் 100-ல் போனார்கள். எல்லாவற்றையும் விட டிவிஎஸ் எக்ஸ்எல்லில் போனார்கள், இன்றைக்கும் போகிறார்கள். மரவள்ளி மூட்டையும் புல்லுக்கட்டும் ஏற்றிக்கொண்டு, புது வண்டிக்காரன் இறங்கித் தள்ளுகிற இடத்தில் எக்ஸ்எல் ஏறிப்போவதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதன் எடை தொண்ணூறு கிலோவுக்குள். சாய்ந்தால் ஒற்றை ஆளாகத் தூக்கி நிமிர்த்திவிடலாம். மலைத் தடத்தில் குதிரைத்திறனுக்கு முன்னால் எடையைப் பார்க்க வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

அதனால் வண்டி தேர்ந்தெடுக்க வருகிறவரிடம் நான் முதலில் எஞ்சினைப் பற்றிப் பேசுவதில்லை. பட்டறைக்குப் பின்னால் ஜல்லி கொட்டிய இடம் இருக்கிறது. அங்கே என் வண்டியைக் கியரில் போட்டுப் பக்கவாட்டில் படுக்க வைத்துவிட்டு, "தூக்குங்க பார்க்கலாம்" என்பேன். முதுகை சீட்டுக்குக் கொடுத்து, ஒரு கையில் ஹேண்டில்பாரையும் மறு கையில் பின்பக்கக் கேரியரையும் பிடித்து, காலால் பின்னோக்கி உந்தி எழ வேண்டும். இடுப்பால் இழுத்தால் மறுநாள் வைத்தியரிடம்தான் போக வேண்டும். மூச்சு வாங்காமல் தூக்க முடிந்தால் அந்த எடை அவருக்குச் சரி. எக்ஸ்பல்ஸ் 160 கிலோவை ஒட்டி வரும். சீட் உயரம் 820 மில்லிமீட்டருக்கு மேல். பழைய ஹிமாலயன் 411 கிட்டத்தட்ட 200 கிலோ; சீட் 800 மில்லிமீட்டர்தான். குள்ளமானவர்கள் உயரத்தைக் கண்டு எக்ஸ்பல்ஸைத் தள்ளிவிடுகிறார்கள். உட்கார்ந்து பார்க்காமல் முடிவு செய்யக்கூடாது. நீளமான சாக்கப்சர் உள்ள வண்டி, ஆள் ஏறியதும் அமுங்கும். ஒரு கால் முழுதாக ஊன்றினால் போதும். இரண்டு காலும் ஊன்ற வேண்டும் என்று அவசியமில்லை.

தினம் சேலம் போய்வந்து, மாதத்தில் ஒரு தடவை வீட்டுக்காரம்மாவையும் உட்கார வைத்து ஏற்காடு ஏறுகிறவருக்கு ஹிமாலயன் நல்லது. மலையில் தோட்டம் வைத்திருக்கிறவர், ஓடை தாண்டி ஆள் கூப்பிடப் போகிறவர், எக்ஸ்பல்ஸ் மாதிரி எடை குறைந்ததை எடுக்கட்டும். 2023 கடைசியில் வந்த ஹிமாலயன் 450-ல் 40 குதிரைத்திறன் இருக்கிறது, ரேடியேட்டரும் இருக்கிறது. நீண்ட பயணத்துக்கு அருமையான வண்டி. ஆனால் நம் கல் தடங்களில் அந்தத் திறனில் பாதிக்குக்கூட வேலை வராது.

பழைய வண்டி வாங்கினால் பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். டபுள் ஸ்டாண்டு இருந்தால் அதில் போட்டு, இல்லாவிட்டால் கீழே கட்டை கொடுத்து, முன் வீலை அந்தரத்தில் நிறுத்துங்கள். ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் 'டக்' என்று தட்டக்கூடாது. தட்டினால் கோன்செட் போயிருக்கிறது. பின் வீலைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஸ்விங்ஆர்ம் புஷ்ஷோ வீல் பேரிங்கோ காலி. எஞ்சினுக்கு அடியில் இருக்கும் தகட்டில் கல் வாங்கிய பள்ளம் இருந்தால் அது குறை இல்லை. தகடு தன் வேலையைச் செய்திருக்கிறது. ஆனால் டிரெயின் போல்ட்டின் தலை மழுங்கியிருந்தால் வண்டி எப்படிப்பட்ட கையில் இருந்தது என்று தெரிந்துவிடும்.

இப்போது வீலுக்கு வருகிறேன். நான் கற்ற வேலையில் பாதி வீல்தான்.

எங்கள் மேஸ்திரி சைக்கிள் கடையில் தொழில் பழகியவர். மோட்டார் வண்டிக்கு வந்த பிறகும் ஸ்போக்ஸ் மேல் அவருக்கு இருந்த மரியாதை குறையவில்லை. பட்டறைக்குப் புதிதாக வரும் பையன் எஞ்சினைத் தொட ஒரு வருஷம் ஆகும். அதுவரைக்கும் கழுவுகிற வேலை, பஞ்சர், வளைந்த வீலை நேராக்கிக் கோட்டம் எடுக்கிற வேலை. இவை தெரியாதவனுக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது என்பது அவர் கணக்கு. பழைய ஸ்விங்ஆர்ம் ஒன்றை நிமிர்த்தி வெல்டிங் வைத்து ஒரு ஸ்டாண்டு செய்திருந்தார். வீலை அதில் ஏற்றிச் சுற்றவிட்டு, ஸ்பேனர் முனையால் ஸ்போக்ஸை ஒவ்வொன்றாகத் தட்டுவார். இறுக்கமாக இருப்பது 'டிங்' என்று பாடும். தளர்ந்தது 'டொக்' என்று செத்த குரலில் சொல்லும். பக்கத்தில் லாரி ஹாரன் அடித்தாலும் அவருக்கு அந்த வித்தியாசம் கேட்கும்.

அப்புறம் சாக்பீஸ். ஸ்டாண்டில் கையை ஊன்றி, சுற்றுகிற ரிம்மின் ஓரத்துக்குச் சாக்பீஸை மெதுவாகக் கொண்டுபோவார். எங்கே ரிம் வெளியே தள்ளியிருக்கிறதோ அங்கே மட்டும் வெள்ளைக் கோடு விழும். வலப்பக்கம் கோடு விழுந்தால், அந்த இடத்தில் ஹப்பின் இடப்பக்கத்திலிருந்து வரும் ஸ்போக்ஸை இறுக்கி, வலப்பக்கத்திலிருந்து வருவதை அதே அளவு தளர்த்த வேண்டும். மேடு பள்ளமாக இருந்தால் மேட்டுப் பக்கம் இரண்டு பக்க ஸ்போக்ஸையும் சமமாக இறுக்க வேண்டும். முதலில் மேடு பள்ளம், அப்புறம் பக்கக் கோட்டம். வரிசையை மாற்றினால் செய்த வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். ஸ்போக்ஸை ரிம்மில் பிடிக்கும் நிப்பிளை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருகக்கூடாது. எங்களோடு வேலை பார்த்த ஒரு பையன் அவசரத்தில் ஒரே இடத்தில் முழுச்சுற்று கொடுத்தான். ரிம் அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு முட்டை வடிவத்துக்கு வந்தது. மேஸ்திரி திட்டவில்லை. எல்லா நிப்பிளையும் தளர்த்தி அவன் கையிலேயே கொடுத்து, "முதல்ல இருந்து வா. கால் சுத்து, கால் சுத்து. பொழுது எறங்கினாலும் பரவாயில்லை" என்றார். பொழுது இறங்கித்தான் போனது. இன்றைக்கு அந்தப் பையன் சொந்தமாகக் கடை வைத்து, வீல் வேலைக்கென்றே பேர் வாங்கியிருக்கிறான்.

கோட்டம் 2 மில்லிமீட்டருக்குள் இருந்தால் வண்டி ஓடும். மேஸ்திரி ஒன்றுக்கே முகம் சுளிப்பார். நிப்பிள் துருப்பிடித்துத் திரும்பாவிட்டால் வலுக்கட்டாயம் வேண்டாம். ஆயில் ஒரு சொட்டு விட்டு ராத்திரி முழுக்க ஊற விடுங்கள். காலையில் தானாக இளகும். இறுக்கி முடித்ததும் டயரைக் கழற்றி, நிப்பிளுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்போக்ஸ் முனையை அரம் போட்டுத் தேய்க்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த பஞ்சர் முள்ளால் வராது, உங்கள் ஸ்போக்ஸால் வரும்.

டியூப்லெஸ் அலாய் வீல் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பார்கள். அலாய் வீல் கல்லில் பலமாக மோதினால் விரிசல் விடும். விரிசல் விட்டதை நம்பி மலை ஏற முடியாது. ஸ்போக்ஸ் ரிம் வளைந்தால் மரச்சுத்தியலால் தட்டி, கோட்டம் எடுத்து வீடு வந்து சேரலாம். சீமைக்கருவேல முள் உள்ள ஊரில் டியூப் பஞ்சர் ஆகத்தான் செய்யும், அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஹிமாலயனுக்கும் எக்ஸ்பல்ஸுக்கும் முன் டயர் ஒரே அளவு, 90/90-21. மலைக் கிராமத்துப் பஞ்சர் கடையில் அந்த டியூப் இருக்காது. நீங்கள்தான் எடுத்துப்போக வேண்டும். ஒரு முன் டியூப் மட்டும் வைத்துக்கொண்டால் ஆபத்துக்கு அதையே பின் வீலிலும் திணித்து ஊர் வந்து சேரலாம். பின் டியூப்பை முன்னால் போட முடியாது. கல் தடத்தில் காற்றை நாலைந்து பவுண்டு குறைத்தால் பிடிப்பு கூடும். அதற்கு மேல் குறைத்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கும். தாருக்குத் திரும்பியதும் காற்றை நிரப்பிவிட வேண்டும்.

வீலுக்கு அடுத்து ஏர் ஃபில்டர். செம்மண் தூசி மாவு மாதிரி நுண்மையானது. மாசி, பங்குனியில் ஒரு ஜீப்புக்குப் பின்னால் அரைமணி நேரம் ஓட்டினால் ஃபில்டர் குடித்திருக்கும் அளவைப் பார்த்து வண்டிக்காரரே மிரள்வார். இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஃபோம் ஃபில்டரைக் கழுவலாம். மண்ணெண்ணெயில் அலசி, சோப்புத் தண்ணீரில் அலசி, பிழியாமல் உள்ளங்கையில் அமுக்கி, நிழலில் காயவைத்து, ஆயில் தடவி, மிச்சத்தை அமுக்கி எடுத்துவிட்டு மாட்டலாம். எண்ணெய்ப் பசை ஏற்றிய காகித ஃபில்டர் அப்படியல்ல. அதைக் கழுவவும் கூடாது, காற்று அடிக்கவும் கூடாது. அழுக்கானால் மாற்ற வேண்டியதுதான். பாக்கு வியாபாரம் பார்க்கும் ஒருவர், காசை மிச்சம் பிடிக்க வாராவாரம் பெட்ரோல் பங்கில் காற்று அடித்துச் சுத்தம் செய்து வந்தார். பசை போய், தூசி உள்ளே இறங்கி, பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்து நீலப் புகை விட்ட பிறகுதான் வண்டி என்னிடம் வந்தது. ஃபில்டர் விலை எங்கே, போரிங் செலவு எங்கே.

ஃபில்டரைக் கழற்றும்போதெல்லாம் அதற்கு உட்புறம், எஞ்சின் பக்கம் இருக்கும் பெட்டியின் சுவரில் விரலைத் தடவிப் பாருங்கள். விரலில் மண் ஒட்டினால் ஃபில்டர் சரியாக உட்காரவில்லை. ஓரத்து ரப்பரில் மெலிதாகக் கிரீஸ் தடவி உட்கார வைத்தால் சந்து அடைபடும்.

செயினைப் பற்றி இவ்வகை வண்டிக்கென்றே ஒரு பாடம் உண்டு. சாக்கப்சர் நீளமாக அசைவதால், பின் வீல் மேலே ஏறும்போது ஓரிடத்தில் செயின் இறுகும். கியர்பாக்ஸ் பல்சக்கரம், ஸ்விங்ஆர்ம் போல்ட், வீல் ஆக்ஸில் மூன்றும் ஒரே கோட்டில் வரும் இடம் அது. நிறுத்தி வைத்த வண்டியில் செயினைச் சாதாரண வண்டிக்கு வைப்பது போல விறைப்பாக வைத்தால், பள்ளத்தில் விழுந்த நொடியில் அது கியர்பாக்ஸ் பேரிங்கையும் ஆயில் சீலையும் இழுத்துத் தின்னும். வண்டிப் புத்தகத்தில் சொன்ன லூசை அப்படியே விடுங்கள். சந்தேகம் வந்தால் கனமான ஆளைச் சீட்டில் உட்கார வைத்து, அப்போதும் செயினில் கொஞ்சம் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். மண் தடத்துக்குப் போகும் முன் செயினுக்கு ஆயிலைத் தாராளமாக ஊற்றுவது நல்லதல்ல, மணல் அதில் ஒட்டிக்கொண்டு பல்லை அரைக்கும். மண்ணெண்ணெயில் துடைத்து, மெலிதாக ஆயில் விட்டு, வெளிப்புறத்தைத் துணியால் துடைத்துவிட வேண்டும். ஓ-ரிங் செயினுக்குப் பெட்ரோல் காட்டவே கூடாது.

ஃபோர்க்கில் காய்ந்த சேறு ஆயில் சீலை அறுக்கும். ஆயில் லேசாகக் கசிந்ததும் சீலை மாற்ற ஓடாதீர்கள். பழைய எக்ஸ்ரே ஃபிலிமை நீளமாக வெட்டி, சீல் உதட்டுக்குள் மெதுவாகச் செருகிச் சுற்றி எடுத்தால் சிக்கிய மண் வந்துவிடும். பாதிக்கு மேல் கசிவு அதோடு நிற்கும். கிளட்ச் லீவர் பிடிக்கும் போல்ட்டைக் கொஞ்சம் இளக்கமாக வையுங்கள். வண்டி விழுந்தால் லீவர் சுழலும், ஒடியாது. புதுக் கிளட்ச் கேபிள் ஒன்றைப் பழைய கேபிளோடு சேர்த்து இப்போதே கட்டிவைத்துவிட்டால், காட்டுக்குள் அறுந்தாலும் இரண்டு முனையை மாற்றி மாட்ட வேண்டியதுதான். ஓடைத் தண்ணீர் எஞ்சினுக்குள் போய் வண்டி நின்றால் செல்ஃபை அமுக்கவே அமுக்காதீர்கள். கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் சுற்ற வேண்டும்.

வேலை கற்க வரும் தம்பிகளே, இவற்றை யாரும் ஒரே நாளில் பழக முடியாது. எக்ஸ்எல் வீல் ஒன்றைக் கழற்றி, நிப்பிள் எல்லாவற்றையும் தளர்த்தி, திரும்பக் கோட்டம் எடுத்துப் பாருங்கள். வண்டி வைத்திருப்பவர்கள் ஐப்பசி மழை பிடிப்பதற்குள் இரண்டு வீலின் ஸ்போக்ஸையும் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்று ஒன்று கேட்டாலும், அதை இறுக்கிய பிறகு மலை ஏறுங்கள்.